கழுத்து வலிக்கு ஸ்கேன், தைராய்டில் முடிச்சு: அடுத்து என்ன?

கழுத்து எலும்புத் தேய்மானமோ என்று எம்.ஆர்.ஐ. எடுத்தீர்கள். அல்லது இருமல் விடாமல் இருந்ததால் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். தேடிப் போன விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனால் அறிக்கையின் கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது: தைராய்டின் வலது மடலில் 11 மி.மீ. நாட்யூல், அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கவும். அன்று இரவு இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்ற சொல்தான் முதலில் கண்ணில் படும். வயிற்றில் புளியைக் கரைக்கும்.

தில்லியில் இப்படி ஒரு வரி கையில் வந்தவுடன் செய்ய வேண்டியவற்றை விட, செய்யக் கூடாதவை அதிகம். அதனால் ஒவ்வொரு கேள்வியாக நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், நாட்யூல் என்றால் என்ன? குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி இரண்டு பக்கமும் படிந்திருக்கும் சுரப்பிதான் தைராய்டு. அதற்குள் ஓரிடத்தில் மட்டும் திசு தனியாகத் திரண்டிருந்தால் அதை முடிச்சு என்கிறார்கள். அது வெறும் நீர் கோத்த பையாக இருக்கலாம், சுரப்பியின் சொந்தத் திசுவே கொஞ்சம் கூடுதலாக வளர்ந்ததாக இருக்கலாம், அழற்சியாக இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம், ஆனால் அது இந்த வரிசையில் கடைசி.

எனக்கு மட்டும் ஏன் வந்தது? உங்களுக்கு மட்டும் வரவில்லை. கையால் தொட்டுப் பார்த்தால் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு, ஆண்களில் ஒருவருக்கு முடிச்சு தட்டுப்படும். அதே கூட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தால், எந்த ஊர், எவ்வளவு நுட்பமான கருவி என்பதைப் பொறுத்து, நூறில் இருபது முதல் அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு முடிச்சு தெரிகிறது. வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத் தெரிகிறது. பெண்களுக்கு அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். தலைமுடி நரைப்பது போல, பலருக்கு இது வயதோடு வருகிற மாற்றம்.

தில்லிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் காரணமும் உண்டு. இமயமலை அடிவாரம் நெடுக மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அயோடின் போதாமல் தைராய்டு வீங்குவதும் முடிச்சுகள் விழுவதும் இந்தப் பகுதியில் தலைமுறைகளாக இருந்த தொல்லை. முன்கழுத்துக் கழலையை அயோடின் கலந்த உப்பால் தடுக்க முடியும் என்பதை நாட்டுக்கு நிரூபித்ததே 1956-ல் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வுதான். அதை முன்னின்று நடத்திய வி. ராமலிங்கசுவாமி பின்னாளில் தில்லி எய்ம்ஸின் இயக்குநராக இருந்தார். வட இந்தியாவில் அயோடின் உப்பு பரவலாவதற்கு முன் வளர்ந்தவர்களின் தைராய்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிச்சுகள் தெரிந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? மருத்துவர்களிடம் வந்து முறையாக ஆராயப்பட்ட முடிச்சுகளில் நூற்றுக்கு 7 முதல் 15 வரை புற்றுநோய் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. இது ஏற்கெனவே சந்தேகப்பட்டு வந்தவர்களின் கணக்கு. தற்செயலாகத் தெரிகிற எல்லா முடிச்சுகளையும் சேர்த்துப் பார்த்தால் விகிதம் இன்னும் கீழே போகும். அதிலும் பெரும்பாலானவை பாப்பில்லரி வகை (மெதுவாக வளரும், நன்றாகக் குணமாகும் தைராய்டு புற்றுநோய்).

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த ஸ்கேனில் தெரிந்தது என்பதே உங்கள் அடுத்த படியைத் தீர்மானிக்கிறது.

பெட் ஸ்கேனில் (சர்க்கரையோடு இணைத்த கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி, அதை அதிகமாக உறிஞ்சும் இடங்களைக் காட்டும் ஸ்கேன்) தெரிந்திருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு புற்றுநோய்க்காக இந்த ஸ்கேன் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத் தைராய்டில் ஒரே ஒரு புள்ளி ஒளிரும். அப்படி ஒளிர்ந்த முடிச்சுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புற்றுநோயாக இருக்கிறது. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அல்ட்ராசவுண்டும் ஊசிப் பரிசோதனையும் பொதுவாகத் தேவை. ஆனால் சுரப்பி முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் விஷயம் வேறு. அது பெரும்பாலும் ஹாஷிமோட்டோ அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்).

பெட் எடுப்பவர்கள் அநேகமாக இன்னொரு புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள். அந்த நோயின் நிலைமைதான் முதலில். நுரையீரல் புற்றுநோய் பரவிய ஒருவருக்குத் தைராய்டு புள்ளியைத் துரத்திக்கொண்டு போவதில் லாபம் இல்லை. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: இதைக் கண்டுபிடித்தால் என் சிகிச்சை மாறுமா?

சி.டி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ தெரிந்திருந்தால்? இதற்குத்தான் நிறையப் பேருக்குப் பதில் வேண்டும். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2015-ல் இதற்கென்றே ஒரு வழிமுறை வெளியிட்டது. வயது 35-க்குக் கீழே என்றால், முடிச்சு 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அல்ட்ராசவுண்ட். வயது 35 அல்லது அதற்கு மேல் என்றால், 1.5 செ.மீ. முதல். அதற்குக் குறைவாக இருந்து, படத்தில் சந்தேகமான அறிகுறி எதுவும் இல்லையென்றால், மேற்கொண்டு ஒரு சோதனையும் வேண்டாம்.

மேலே சொன்ன 11 மி.மீ. முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது முப்பது வயதுக்காரருக்கு என்றால் ஒரு அல்ட்ராசவுண்ட் நியாயம். ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு என்றால், இந்த அளவுகோலின்படி அல்ட்ராசவுண்டே தேவையில்லை. அறிக்கையில் ‘அல்ட்ராசவுண்ட் பார்க்கவும்’ என்று இருக்கிறதே என்பீர்கள். பல இடங்களில் அது பழக்கத்தால் எழுதப்படும் வரி. அதை வைத்து நேராக லேபுக்குப் போகாமல், ஸ்கேன் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் திரும்பிப் போய், ‘என் வயதுக்கும் இந்த அளவுக்கும் இது தேவையா?’ என்று கேளுங்கள்.

சந்தேகமான அறிகுறி என்றால் எது? கழுத்து நிணநீர்க் கணுக்கள் (கிருமியோடும் நோயோடும் போராடும் சிறு நெறிகள்) மாறுபட்டுத் தெரிவது, முடிச்சு சுரப்பியின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போயிருப்பது. இவை இருந்தால் வயதும் அளவும் பார்க்க வேண்டியதில்லை, அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆக வேண்டும். ஸ்கேன் என்ன சொன்னாலும் சரி, குரல் கம்மிப் போய் வாரக்கணக்கில் சரியாகவில்லை, விழுங்கச் சிரமம், கழுத்தில் கெட்டியான கட்டி வேகமாக வளர்கிறது, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்திருக்கிறீர்கள், வீட்டில் ரத்த உறவு யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தது என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் இருந்தது மெடுல்லரி வகை (குடும்பத்தில் இறங்கக்கூடிய அரிய வகை) என்றால் அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

சி.டி.யிலேயே தெரிந்துவிட்டதே, இன்னொரு ஸ்கேன் எதற்கு என்ற கேள்வியும் வரும். சி.டி. அங்கே ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது எப்படிப்பட்டது என்று சொல்லத் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்டுதான். வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்கச் சொல்வார்கள், குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்துவார்கள். கால் மணி நேர வேலை.

அதில் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். முடிச்சு கெட்டியா, நீர் கோத்ததா. சுற்றியுள்ள திசுவைவிடக் கறுத்துத் தெரிகிறதா. அகலத்தைவிட உயரம் கூடுதலா. ஓரம் வழுவழுப்பா, கோணலா. உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டி, ஒன்று முதல் ஐந்து வரை ஒரு படி கொடுக்கிறார்கள். அதுதான் அறிக்கையில் நீங்கள் பார்க்கும் டைராட்ஸ் (முடிச்சின் தோற்றத்தை வைத்துச் சந்தேகத்தை அளக்கும் முறை). 2017-ல் வெளியான அமெரிக்க முறைக்கு அடிப்படையான தரவில், முதல் இரண்டு படிகளில் புற்றுநோய் நூறில் இரண்டுக்கும் குறைவு, மூன்றாம் படியில் ஐந்து அளவு, நான்காம் படியில் ஒன்பது, ஐந்தாம் படியில் முப்பத்தைந்து.

டைராட்ஸ் 4 என்று பார்த்ததும் பலர் அதைப் புற்றுநோயின் நாலாவது கட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை. இது நோயின் கட்டம் அல்ல, சந்தேகத்தின் அளவு. நாலாம் படி முடிச்சுகளில் பத்தில் ஒன்பது சாதாரண முடிச்சுகள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 14 மி.மீ. முடிச்சு. கெட்டி, ஆனால் நிறம் சுற்றியுள்ள திசுவைப் போலவே, ஓரம் சீர், புள்ளிகள் இல்லை. மொத்தம் 3 மதிப்பெண், மூன்றாம் படி. இந்தப் படிக்கு 1.5 செ.மீ. முதல்தான் கண்காணிப்பு, 2.5 செ.மீ. முதல்தான் ஊசி. ஆகவே ஒன்றும் செய்ய வேண்டாம். அதே 14 மி.மீ., கெட்டி, ஆனால் கறுத்துத் தெரிகிறது: 4 மதிப்பெண், நாலாம் படி. இதற்குக் கண்காணிப்பு 1 செ.மீ. முதல், ஊசி 1.5 செ.மீ. முதல். ஆகவே அடுத்த ஆண்டு இன்னொரு அல்ட்ராசவுண்ட், இப்போதைக்கு ஊசி வேண்டாம். ஐந்தாம் படி என்றால் 1 செ.மீ. முதலே ஊசி.

உங்கள் அறிக்கையில் 4ஏ, 4பி என்று எழுதியிருந்தால் அது வேறொரு முறை. இந்தப் பெயரில் பல முறைகள் புழக்கத்தில் உள்ளன, அளவுகளும் மாறும். எண்ணை மட்டும் எழுதி மேற்சொன்ன ஐந்து விஷயங்களை எழுதாத அறிக்கை கையில் கிடைத்தால், அவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவை இருந்தால்தான் இன்னொரு மருத்துவர் அதை வைத்து முடிவெடுக்க முடியும்.

இவ்வளவு சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் நல்லதுதானே? பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் கேள்வி இது. எல்லாப் புற்றுநோய்க்கும் சீக்கிரம் கண்டுபிடிப்பதே நல்லது என்று நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் அது சரி. தைராய்டுக்குப் பொருந்தவில்லை என்பதைத் தென்கொரியா பெரிய விலை கொடுத்துக் கற்றது.

அங்கே 1999-ல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக் கொடுத்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கானது. அந்த ஒரே ஆண்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்டுபிடித்தார்கள், கிட்டத்தட்ட எல்லோருக்கும் அறுவை. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்களின் எண்ணிக்கையோ அசையவே இல்லை. அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பி பழுதானது, இரண்டு பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-ல் மருத்துவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து இந்தப் பரிசோதனையை நிறுத்தச் சொன்னார்கள். ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

இதன் அர்த்தம் என்ன? நம்மில் பலர் சிறு தைராய்டு புற்றுநோயைச் சுமந்துகொண்டே, அதை அறியாமலே, முழு ஆயுளும் வாழ்ந்து வேறு காரணத்தால் இறக்கிறார்கள். ஃபின்லாந்தில் 1985-ல் வெளியான ஆய்வொன்றில், மற்ற காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் இருந்தது. தேடினால் கிடைக்கும். கிடைத்தால் வெட்டத் தோன்றும்.

இந்தியாவிலும் இது நடக்கிறது. 2006 முதல் 2014 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. திருவனந்தபுரத்துப் பெண்களிடம் தைராய்டு புற்றுநோய் விகிதம் மற்ற இடங்களைவிட எங்கோ உயரத்தில் இருந்தது. நோய் அங்கே தனியாகப் பெருகியதாக ஆய்வாளர்கள் கருதவில்லை. சோதனை அதிகம் நடக்கும் இடத்தில் கண்டுபிடிப்பும் அதிகம் என்றே விளக்கினார்கள்.

தில்லியில் இந்த அபாயம் உங்கள் தெருமுனையில் இருக்கிறது. கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ, டாக்டர் சீட்டில்லாமலே முழு உடல் பரிசோதனைத் திட்டம் என்று விற்கிறார்கள். அதில் சில கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக்கொள்கின்றன. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குத் தைராய்டு புற்றுநோயைத் தேடிப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2017-ல் தெளிவாகச் சொன்னது. நானும் அதையே சொல்வேன்: அந்தத் திட்டத்தில் கழுத்து ஸ்கேன் இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் அதை விட்டுவிடுங்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில், லேசான நோய்க்கெல்லாம் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா எச்சரித்தார். அவர் கவலை கதிர்வீச்சைப் பற்றியது. நெஞ்சு சி.டி.யின் மேல்விளிம்பில் தைராய்டின் அடிப்பகுதியும் விழும் என்பது அதோடு சேர்ந்த இன்னொரு விளைவு.

ஊசி தேவை என்று மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம். எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) செய்யும் ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று முறை குத்துவார்கள். ஊசி உள்ளே இருக்கும்போது எச்சில் விழுங்காமல், பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு பஞ்சை வைத்துச் சிறிது நேரம் அழுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அப்படி நடப்பது மிக மிக அரிது. அந்தப் பயத்தால் ஊசியைத் தவிர்த்துவிட்டு நேரடியாக அறுவைக்குப் போனவர்களுக்கு நஷ்டம் அதிகம்.

முடிவு பெதஸ்தா (செல்களின் தோற்றத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் முறை) எண்ணில் வரும். இரண்டு என்றால் சாதாரணம், நிம்மதியாக இருங்கள். ஆறு என்றால் புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. ஐந்து என்றால் நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. ஒன்று என்றால் செல்கள் போதவில்லை, இன்னொரு முறை குத்த வேண்டும். மூன்றும் நாலும்தான் படுத்தும். ‘சொல்ல முடியவில்லை’ என்பதே அவற்றின் பொருள். மூன்று வந்தால் ஊசியை மறுபடி செய்வது, அல்லது அதே கண்ணாடித் துண்டுகளை இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுவது நியாயமான வழி. லேபில் அந்தத் துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள். அறுவைக்குத் தேதி குறிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஆறு என்றே வந்துவிட்டால்? அப்போதும் அவசரப்பட்டு முழுத் தைராய்டையும் எடுக்கச் சம்மதிக்க வேண்டாம். ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, 1 செ.மீ.க்குள் இருக்கும் பாப்பில்லரி புற்றுநோய்களை வெட்டாமல் கண்காணிக்கும் முறையை 1993-ல் தொடங்கியது. அப்படிக் கவனிக்கப்பட்ட 1,235 பேரின் கணக்கை 2014-ல் வெளியிட்டார்கள். பத்தாண்டில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு முடிச்சு 3 மி.மீ. வளர்ந்தது, நாலு பேருக்குக் கழுத்துக் கணுவில் பரவியது. வளர்ந்த பிறகு அறுவை செய்தவர்களும் நன்றாகவே இருந்தார்கள். தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தாது. மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால் கூடாது. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அறுவை மருத்துவரிடம் பேசுவது வேறு, தெரியாமல் தலையாட்டுவது வேறு.

அறுவைதான் என்றாலும், பரவாத சிறு புற்றுநோய்க்குப் பாதித் தைராய்டை மட்டும் எடுப்பது பெரும்பாலும் போதும். பாதி மிஞ்சினால் பலருக்கு மாத்திரை இல்லாமலே ஓடும். முழுவதும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. சிலருக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் நிரந்தரமாகிவிடும். ‘பாதி போதுமா? போதாதென்றால் ஏன்?’ என்று கேட்டுப் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டி.எஸ்.ஹெச். சரியாக இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கவலை என்று சிலர் கேட்பார்கள். டி.எஸ்.ஹெச். (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்) சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லும். தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகவே இருக்கும். இருந்தாலும் முடிச்சு தெரிந்தால் டி.எஸ்.ஹெச். சோதனை செய்து பார்க்க வேண்டும். அதன் அளவு குறைந்திருந்தால் முடிச்சு தன்னிச்சையாக ஹார்மோன் சுரக்கிறதாக இருக்கலாம், அப்படிப்பட்டவை புற்றுநோயாக இருப்பது அரிது. அப்போது அணு மருத்துவ ஸ்கேன் தேவைப்படும். எய்ம்ஸிலும், திமார்பூரில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் 1961 முதல் இயங்கும் இன்மாஸ் நிறுவனத்திலும் அந்த வசதி உண்டு. முந்தைய சி.டி.யில் சாய ஊசி போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதில் அயோடின் இருப்பதால் இந்த ஸ்கேனைச் சில வாரங்கள் தள்ள வேண்டிவரும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ரத்தச் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், முடிவைக் குழப்பிவிடும்.

மாத்திரையிலோ உணவிலோ முடிச்சு கரையுமா? முடிச்சைச் சுருக்குவதற்காகத் தைராக்சின் கொடுக்கும் பழக்கம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை; வயதானவர்களுக்கு அது இதயத் துடிப்பையும் எலும்பையும் கெடுக்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவரைச் சமைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். அயோடின் உப்பை விடாதீர்கள். இந்துப்புக்கு மாறியவர்கள் அதில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள்.

சிறுவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பதினெட்டு வயதுக்குள் முடிச்சு தெரிந்தால் புற்றுநோய் வாய்ப்பு பெரியவர்களைவிடக் கூடுதல், அளவு சிறியதாக இருந்தாலும் குழந்தைகளின் தைராய்டு பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்டும் ஊசியும் பாதுகாப்பானவை. அறுவை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு தில்லியில் தங்கியிருக்கும் வயதான பெற்றோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எண்பத்திரண்டு, இதயத்தில் ஸ்டென்ட், சிறுநீரகமும் சுமார். தலைசுற்றலுக்குக் கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர் எடுத்ததில் தைராய்டு முடிச்சு தெரிகிறது. பிள்ளைக்கு மனம் கேட்காது. நாளைக்கு ஏதாவது ஆனால், நாம் கவனிக்கவில்லை என்று ஆகிவிடுமே என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் மற்ற நோய்களால் ஆயுள் குறுகியவர்களுக்குத் தற்செயல் முடிச்சை மேலும் ஆராய வேண்டாம் என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் அந்த 2015 வழிமுறையே சொல்கிறது. அம்மாவை லேப் லேபாக அலைக்கழிக்காமல் இருப்பதும் கவனிப்புதான். அவருக்கு மூச்சோ விழுங்கலோ சிரமமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் அல்ட்ராசவுண்டுக்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தால் என்ன செய்வது? மேலே சொன்ன எச்சரிக்கை அறிகுறிகள் இல்லையென்றால் காத்திருக்கலாம். இந்த முடிச்சுகள் வாரக் கணக்கில் நிலைமையை மாற்றிவிடுபவை அல்ல. தேதி தள்ளிப் போகிறதே என்று கடன் வாங்கித் தனியார் லேபுக்கு ஓட வேண்டியதில்லை. ஸ்கேனுக்குப் போகும் அன்று பழைய அறிக்கை, படங்கள், அவை பதிந்த குறுந்தட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் புதிதாக எடுக்கச் சொல்வதைத் தவிர்க்க அதுவே வழி.

கண்காணிப்பு என்று முடிவானால், முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். ஆள் மாறினால் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். சென்ற ஆண்டு 13, இந்த ஆண்டு 14 என்பது வளர்ச்சி அல்ல. குறைந்தது இரண்டு பக்கங்களில் ஐந்தில் ஒரு பங்கு, அதிலும் 2 மி.மீ.யாவது கூடியிருந்தால்தான் வளர்ந்ததாகக் கணக்கு. மூன்றாம் படி முடிச்சுக்கு ஒன்று, மூன்று, ஐந்தாம் ஆண்டுகளிலும், நாலாம் படிக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தாம் ஆண்டுகளிலும் பார்த்தால் போதும். ஐந்தாண்டு ஆகியும் அளவு மாறவில்லையென்றால் அதோடு ஸ்கேன் எடுப்பதை நிறுத்தலாம்.